கம்பளியை அவித்த நாள்

அந்தப் பையனுக்கு நாலு வயது இருக்கும். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தான். விரலை விரிக்கச் சொன்னேன். இடுக்கெல்லாம் பொடிப்பொடியாகக் கொப்புளம். மணிக்கட்டில் சொறிந்த இடம் சீழ் கோத்திருந்தது. வீட்டில் ஐந்து பேருக்கும் அதே சிரங்கு. எத்தனை நாளாக என்று கேட்டதற்குப் பையனின் அம்மா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிதான் சொன்னார்: “எம் மவன் உள்ள போயிட்டு வந்ததுலேர்ந்து தம்பி.”

‘உள்ள’ என்று அந்தக் குரலில் சொன்னால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். வரப்புத் தகராறில் கைதாகி, இருபத்தாறு நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார் அந்த மகன். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிரங்குப் பூச்சி முதல்முறையாக ஒருவர் உடம்பில் ஏறினால் அரிப்பு தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கிளைச் சிறை எனக்குத் தெரிந்த இடம். அதன் சாக்கடைக்கு வாரா வாரம் நான்தான் எண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தேன்.

1988இல் யானைக்கால் ஒழிப்புப் பிரிவில் களப்பணியாளனாகச் சேர்ந்தவன் நான். பிற்பாடு சுகாதார ஆய்வாளராகி ஓய்வு பெற்றேன். கும்பகோணத்தையும் யானைக்காலையும் சேர்த்துப் பேசாதவர்கள் அந்தக் காலத்தில் கிடையாது. அந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும்: சாக்கடை, செப்டிக் டேங்க், வீட்டுக் கொல்லையில் தேங்கிய கழிவுநீர். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரம் தவறாமல் தெளிக்க வேண்டும் என்பது. ஒரு வாரம் விட்டால் ஒரு தலைமுறை பறந்துவிடும். எங்கள் பட்டியலில் பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, விடுதிகளோடு கிளைச் சிறையும் இருந்தது. ஆனால் மதிலுக்கு வெளியே ஓடுகிற சாக்கடையோடு என் வேலை முடிந்துவிடும்.

உள்ளே போனது இரவு ரத்தப் பரிசோதனைக்காக. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மேல்ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரத்துக்கு அது தயாராக இருக்கும். நாங்களும் அந்த நேரத்தில்தான் வீட்டுக் கதவைத் தட்டி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்போம். பாதி வீட்டில் ஆள் இருக்காது, மீதி வீட்டில் தூக்கத்தைக் கெடுத்ததற்குத் திட்டு விழும். சிறையில் அந்தப் பிரச்சினை இல்லை. மாலை ஆறு மணிக்கு லாக்கப். அதற்கப்புறம் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

வார்டர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போனார். கம்பிக்குப் பின்னால் ஒரே அறையில் இருபத்திரண்டு பேர். இரவு பத்தரை மணிக்கு ஒருவர்கூடத் தூங்கவில்லை. சிலர் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார்கள். சிலர் துண்டால் கொசு விரட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் அரைச்சுவர் மறைப்போடு ஒரு கழிவறை, ஒன்றே ஒன்று. அதை ஒட்டிப் படுத்திருந்தது அன்று காலையில் வந்த புது ஆள். சிறைகளுக்கான 2016ஆம் ஆண்டு மாதிரிக் கையேடு, ராத்திரி அடைத்து வைக்கிற அறையில் பத்துப் பேருக்கு ஒரு கழிவறை வேண்டும் என்கிறது. அப்போது அந்தக் கையேடு வரவில்லை. ஆனால் இருபத்திரண்டு பேருக்கு ஒன்று போதாது என்பது யாருக்கும் தெரியும்.

என் கண் போனது சுவருக்கு. காவிரிப் பாசனப் பகுதியில் பழைய கட்டடம் வைத்திருக்கிறவர்களுக்கு ஓதம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் நிலத்தடி நீர் மேலேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் இடுப்பளவு நனைந்து நிற்கும். காரை உப்பிப் பெயர்ந்து, செங்கல் சந்துகள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்தச் சுவரில், படுத்திருக்கிறவர்கள் கை எட்டுகிற உயரத்தில், பழுப்புச் சிவப்பாக நூற்றுக்கணக்கான தீற்றல்கள். மூட்டைப்பூச்சியை விரலால் நசுக்கிச் சுவரில் தேய்த்த தடம். பக்கத்திலேயே நாள் எண்ணிய கோடுகளும் இருந்தன. டார்ச்சை நான் வாங்கி ஒரு சந்துக்குள் அடித்தேன். மிளகைத் தட்டிப் போட்டதுபோல அடை அடையாக இருந்தது.

ஒரு கம்பளியை வெளியே வாங்கி ஓரத் தையலை மடித்துப் பார்த்தேன். மூட்டைப்பூச்சியைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான், நடுவில் தேடிப் பயன் இல்லை. தையல் நெடுக வெள்ளை முட்டைகள், கருப்புப் புள்ளிகளாக எச்சம், உரித்துப் போட்ட தோல்கள். அந்தக் கம்பளி எத்தனை பேர் கை மாறி வந்தது என்று கேட்டேன். “கணக்கில்ல சார். ஒருத்தர் போனா அடுத்தவருக்கு” என்றார் வார்டர். துவைப்பது? அவர் பதில் சொல்லவில்லை.

மறுவாரம் பூச்சிமருந்து அடிக்க ஏற்பாடு நடந்தது. அங்கேதான் நான் ஒரு பாடம் படித்தேன். வீட்டுக்கு மருந்து அடித்தால் ஒரு நாள் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டுக் கழுவிவிட்டுக் குடிபோகலாம். சிறையில் இருக்கிறவர் எங்கே போவார்? காலையில் அடித்தார்கள். கைதிகளை முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். மாலை ஆறு மணிக்கு அதே அறைக்குள், மருந்து நெடி போகாத தரையில், திரும்பவும் அடைத்தார்கள். இரண்டு பேருக்கு ராத்திரி முழுக்க வாந்தி. ஒருவருக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூட்டைப்பூச்சியில் பாதி சந்துக்குள் இன்னும் ஆழமாகப் போயிருந்தது, மீதி பக்கத்து அறைக்குப் போயிருந்தது. மருந்துக்குப் பழகிப்போன பூச்சி அது. டி.டி.டி. காலத்திலிருந்தே உலகம் முழுக்க மூட்டைப்பூச்சி ஒவ்வொரு மருந்தாகத் தாண்டி வந்திருக்கிறது. சாப்பாடு கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இருபது நாளில் எல்லாம் பழையபடி.

பூட்டி வைத்த அறையில் பூச்சியைக் கொல்வது வேறு வேலை. வெளியே இருக்கிற எனக்குக் கடித்தால் எழுந்து திண்ணையில் படுப்பேன், வெந்நீர் வைப்பேன், கட்டிலை வெயிலில் போடுவேன். உள்ளே இருக்கிறவருக்கு அதில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அவர் தண்டனை பெற்றவராக இருந்தாலும் சரி, இன்னும் வழக்கே தொடங்காத விசாரணைக் கைதியாக இருந்தாலும் சரி. சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் அந்த அறையின் பூச்சிக்கும் பொறுப்பு. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவே சிறையின் சுகாதார நிர்வாகத்தை மருத்துவ அலுவலரின் பொறுப்பில் வைக்கிறது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், மருத்துவர் தவறாமல் வந்து சாப்பாடு, சுத்தம், கழிவறை, காற்றோட்டம், கைதிகளின் துணி, படுக்கை எல்லாவற்றையும் பார்த்துச் சிறை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்கின்றன. படுக்கை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

சமையலறையில் ஒரு பெரியவர் இருந்தார். விவசாயக் கூலி, அறுபது வயதுக்கு மேல். வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் ஏழெட்டு மாதமாக உள்ளே இருந்தார். நானும் சிறை அதிகாரியும் கம்பளிகளை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, கஞ்சி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “நெல்லு அவிக்கிற மாதிரி அவிச்சிட்டா என்னங்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் ஐம்பது டிகிரிக்கு மேல் நின்று தாங்காது. சிரங்குப் பூச்சியும் அப்படித்தான். ஆவிக்குப் பழகிப்போன பூச்சி எதுவும் இல்லை. டெல்டாவில் ஆவி வைக்கத் தெரியாத வீடு உண்டா? புழுங்கல் அரிசி சாப்பிடுகிற ஊர் இது.

பக்கத்து அரிசி ஆலைக்காரர் பெரிய அண்டா இரண்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. அடியில் தண்ணீர் விட்டு, தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார் பெரியவர். கம்பளி தண்ணீரில் நனையக்கூடாது, ஆவி மட்டும்தான் படவேண்டும் என்றார். நனைந்த கம்பளி காய இரண்டு நாள் ஆகும். கம்பளிகளை இறுக்கி அடுக்காமல் உதறி உதறிப் போட்டு, மேலே சாக்கை மூடினார். சாக்கின் நடுவிலிருந்து ஆவி கிளம்பியதும் நான் போதும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. “ஓரத்துல வரணும் தம்பி. நடுவுல வர்றது பொய் ஆவி.” விளிம்பெல்லாம் சுற்றி ஆவி வந்த பிறகும் அரைமணி நேரம் விட்டார். இறக்கிய கம்பளியின் தையலை மடித்துப் பார்த்தேன். பூச்சிகள் வெந்த எள்ளுபோல உதிர்ந்தன. சித்திரை மாதம், முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். அங்கேயே விரித்துக் காயப்போட்டோம்.

அதே நாளில் செய்ததுதான் பலன் கொடுத்தது. கம்பளி அண்டாவில் இருந்தபோது சுவர்ச் சந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாலையில் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து எல்லாருக்கும் சிரங்கு மருந்து. அரிக்கிறவருக்கு மட்டும் கொடுத்தால் பயனே இல்லை, ஏனென்றால் அரிப்பு இன்னும் தொடங்காதவர் உடம்பிலும் பூச்சி இருக்கும். அப்போது பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளைத் திரவம்தான், புண் இருந்தால் தீயாய் எரியும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒருவருக்கொருவர் முதுகில் தடவிக்கொண்டார்கள். வார்டர்களும் தடவிக்கொண்டார்கள், நான் விடவில்லை. ஒரு வார்டர் வீட்டிலும் குழந்தைகளுக்கு அரிப்பு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் எல்லாருக்கும் சோப்புக் குளியல், துவைத்த துணி. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

சிறையில் பிடித்த நோய் சிறையோடு நிற்காது என்பது பழைய கதை. 1577இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் கைதிகளை விசாரித்த நீதிபதி, ஜூரிகள் என்று பலர் சில வாரங்களுக்குள் காய்ச்சலில் செத்தார்கள். ‘ஜெயில் காய்ச்சல்’ என்றே அந்த நோய்க்குப் பெயர் இருந்தது. அது டைபஸ். பேன் மூலமாக அது பரவுகிறது என்பதை 1909இல்தான் சார்லஸ் நிகோல் கண்டுபிடித்தார். சிறைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சீர்திருத்தத்துக்காக உழைத்த ஜான் ஹோவர்டே 1790இல் ஒரு தொற்றுக்காய்ச்சலில் இறந்தார், டைபஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு வரை போகவேண்டாம், வலங்கைமான் பக்கத்துத் திண்ணையே எனக்குப் போதும்.

எலி விஷயத்துக்கு வருகிறேன். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி கட்டடங்களைத் தேடி வரும். சிறை இருப்பறையில் அரிசி, பருப்பு மூட்டைகள். எலிப் புழுக்கையைவிட எனக்கு அதன் மூத்திரம்தான் கவலை. மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும், செப்டிக் டேங்க் நிரம்பி மேலே வரும், கைதிகள் வெறுங்காலோடு அதில் நடப்பார்கள். காலில் சேற்றுப்புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாகவே ஏறிவிடும். மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

எலி மருந்து வைக்கலாம் என்று நான் சொன்னபோது அதிகாரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் நியாயம். மனம் உடைந்துபோன ஆட்கள் இருக்கிற இடத்தில் விஷத்தை மூலையில் வைப்பதா? அப்புறம் அதே பெரியவர்தான் கைகொடுத்தார். தஞ்சாவூர் கிட்டி தெரியாத வயல்காரர் இங்கே கிடையாது. மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, நடுவில் இரை வைப்பார்கள். எலி இரையை இழுத்த நொடியில் வில் விடுபட்டுக் கழுத்தை அழுத்தும். ஒரு வயலில் ஒரே ராத்திரியில் ஐம்பது, நூறு கிட்டி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கயிறும் மூங்கிலும் கைதி கையில் இருக்கக்கூடாது என்பதால், வார்டர் பக்கத்தில் நிற்க இருப்பறைக்குள் மட்டும் ஆறு கிட்டி வைத்தார் பெரியவர். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள். முதல் ராத்திரி நாலு எலி. ஓட்டைகளை அடைக்க எங்கள் வீடுகளில் சிமெண்டோடு பாட்டில் கண்ணாடியை உடைத்துப் போடுவோம். அங்கே கண்ணாடி கூடாது, கருங்கல் ஜல்லி போட்டு அடைத்தோம்.

கொசுவுக்குச் செய்தது சின்ன வேலை. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டினேன், மூடியின் விரிசலைப் பூசினேன். ராத்திரி முழுக்க வெளியே வருகிற கொசுவின் வாசலே அந்தக் குழாய்தான். கொசுவலை தரலாமே என்று கேட்டால் கட்டக் கயிறு வேண்டும், கயிறு உள்ளே போகாது என்பார்கள். 2022இல் மும்பையில் ஒரு விசாரணைக் கைதி செத்த கொசுக்களை ஒரு பாட்டிலில் போட்டு நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். கொசுவலை கிடைக்கவில்லை, களிம்பு தடவிக்கொள்ளச் சொன்னார்கள். வலை கொடுக்க முடியாது என்றால் ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கம் வலை அடிக்கலாம். யார் கையும் எட்டாது. இதை நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுக்காத ஒன்றும் உண்டு, அது இன்றும் உறுத்துகிறது. அடைத்துக்கொண்ட கழிவறையை அன்றாடம் சுத்தம் செய்தது ஒரே ஒரு பையன். இருபது வயதுதான். ஏன் அவன் மட்டும் என்று கேட்டேன். வார்டர் அவன் ஊரின் பெயரைச் சொல்லி, அதில் எந்தத் தெரு என்பதையும் சொன்னார். அதுவே காரணம் என்பதுபோலச் சொன்னார். எனக்குப் புரிந்தது. நான் அன்று அதைப் பார்வையிடல் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். சாக்கடை, மூடி, வலை என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை ஒதுக்குகிற விதிகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்புச் சொன்னது. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கிற பத்தியையே நீக்கச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தப் பையன் முகம் அப்படியே வந்து நின்றது. கையில் ஒரு மூங்கில் குச்சியும் தகர டப்பாவும். கையுறை இல்லை. இன்று அவனுக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும்.

அந்தச் சித்திரைக்குப் பிறகு மூன்று மாதம் கிளைச் சிறையில் மூட்டைப்பூச்சி இல்லை. அப்புறம் வந்தது. வரத்தான் செய்யும். தினம் இரண்டு பேர், மூன்று பேர் புதிதாக வருகிற இடம் அது, அவரவர் பையோடும் துணியோடும் வருகிறார்கள். புதிதாக வருகிறவரின் துணியை முதலில் ஆவி வைத்து, அவரையும் பார்த்துவிட்டு அறைக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாளில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

மறு தை மாதம் வழக்கம்போல எண்ணெய் டின்னோடு போனபோது, புது அதிகாரியிடம் கம்பளி விஷயத்தை முதலிலிருந்து எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். சமையலறைப் பக்கம் புகை வந்தது. இரண்டு அண்டாவும் அடுப்பில் இருந்தன, மேலே சாக்கு. பெரியவரைக் காணோம். பதினைந்து நாளுக்கு முன்பே ஜாமீனில் போய்விட்டாராம். யாரோ ஓர் இளைஞன் குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“யாருப்பா ஏத்தச் சொன்னது?”

“பெருசு போறப்ப சொல்லிட்டுப் போனாரு சார். மாசா மாசம் அமாவாசைக்கு ஏத்தணும்னு.”

சாக்கின் நடுவில் ஆவி கிளம்பியிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.